கல்யாண சீசன் வரப்போகிறது, லேப்டாப்பை மாற்றிவிடட்டுமா?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 34. வீட்டிலிருந்தபடியே நான்கு ஸ்டூடியோக்களுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுக்கிறார். மாதம் எட்டு, பத்து ஆல்பம். வருட வரவு ஐந்தரை லட்சம் ரூபாய். ஏறக்குறைய எல்லாமே ஜிபேயிலும் வங்கியிலும் வருகிறது. ஜிஎஸ்டி பதிவு இல்லை. பின்னால் வீட்டுக் கடன் வாங்க உதவும் என்று வருடா வருடம் 44ஏடி முறையில் (சிறு தொழிலுக்கான எளிய முறை) வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிறார். 2024 ஆடித் தள்ளுபடியில் 62,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்கினார்: 8 ஜிபி மெமரி, 512 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்), விண்டோஸ் 11. முதலில் நன்றாகத்தான் ஓடியது. இப்போது போட்டோஷாப்பில் பெரிய ஷீட்டைத் திறந்தால் திரை வெளுத்து 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று நின்றுவிடுகிறது. ஐப்பசி முகூர்த்தத்தில் ஒரு ஆல்பம் இரண்டு நாள் தாமதமாகி, அந்த ஸ்டூடியோ வேறு டிசைனரிடம் போய்விட்டது.

ஷோரூமுக்குப் போனால் 16 ஜிபி மெமரி, 1 டிபி எஸ்எஸ்டி உள்ள 'ஏஐ லேப்டாப்' ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். விலை 94,990 ரூபாய். பழையதற்கு 18,000 ரூபாய் எக்ஸ்சேஞ்ச். மீதியைக் கணவரின் கிரெடிட் கார்டில் பன்னிரண்டு மாத நோ காஸ்ட் இஎம்ஐ போட்டுக்கொள்ளலாம். "பிசினஸுக்கு வாங்குகிறீர்கள் மேடம், 30 சதவீதம் வரியில் திரும்ப வந்துவிடும், ஜிஎஸ்டியும் கிடைக்கும்" என்றாராம் விற்பனையாளர். கணவருக்கு, ஒன்றரை வருடம்கூட ஆகாத பொருளை மாற்றுவதில் சம்மதமில்லை. சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் கொழுந்தனாரோ, "8 ஜிபியில் இந்தக் காலத்தில் யார் அண்ணி வேலை செய்வார்கள்?" என்று சிரிக்கிறார். இஎம்ஐ வேண்டாமென்றால் இரண்டு பவுன் செயினை அடகு வைக்கலாமா என்று ஒரு யோசனையும் ஓடுகிறது. கடிதத்தின் கடைசி வரி இது: "தேவைக்குக் கேட்கிறேனா, ஆசைக்குக் கேட்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை சார். தை பிறப்பதற்குள் சொல்லுங்கள்."

தேவையா ஆசையா என்ற கேள்வியை ஒரு ஓரமாக வைத்துவிடுவோம், அம்மா. ஒரு ஸ்டூடியோ கையைவிட்டுப் போயிருக்கிறது. அது ஆசையில்லை, நஷ்டம். உங்கள் சிரமம் நிஜமானது. ஆனால் அந்தச் சிரமத்துக்கு ஷோரூமில் எழுதிக்கொடுத்த மருந்து சரியா என்பது வேறு விஷயம். நான் ஆடிட்டர், எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

வரியில் எவ்வளவு திரும்ப வரும்? ஒன்றும் வராது

முதலில் நீங்கள் கட்டுகிற வரி எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் கடிதப்படி, பூஜ்யம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், 87ஏ தள்ளுபடி வந்து வரியை முழுதாகத் துடைத்துவிடுகிறது. உங்கள் வரவு ஐந்தரை லட்சத்தையும் அப்படியே லாபமென்று காட்டினால்கூட வரி கிடையாது. கட்டாத வரியில் எதைத் திரும்பத் தருவார்கள்? விற்பனையாளர் சொன்ன 30 சதவீத அடுக்கு, புதிய முறையில் 24 லட்சத்துக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு முன்னால் நின்ற டாக்டரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்லியிருப்பார்.

இரண்டாவது, 44ஏடி. இந்த முறையில் உங்கள் வரவில் ஒரு பங்கை (வங்கி, யுபிஐ வழியாக வந்ததில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம்) குறைந்தபட்ச லாபமாகச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. நிஜ லாபம் அதைவிட அதிகமென்றால் அதைக் காட்ட வேண்டும். கரண்ட் பில், இன்டர்நெட், லேப்டாப் தேய்மானம் எல்லாம் ஏற்கெனவே கழித்தாகிவிட்டதாகவே கணக்கு. தனியாக லேப்டாப் பில்லை நீட்டி இன்னொரு முறை கழிக்க அங்கே இடமில்லை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறுகிறது, இந்தக் கணக்கு மாறாது.

சரி, உங்களைப்போல் இல்லாமல் முழுக் கணக்குப் புத்தகம் எழுதி, 30 சதவீத அடுக்கில் வரி கட்டுகிறவர் இதே லேப்டாப்பை இன்று வாங்கினால்? கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருடத்துக்கு 40 சதவீதம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான். மார்கழியில் வாங்கினால் மார்ச் 31க்குள் 180 நாள் வராது. ஆக 94,990இல் 20 சதவீதம், 18,998 ரூபாயைத்தான் இந்த வருடம் செலவாகக் கழிக்கலாம். அதில் 30 சதவீதம் சுமார் 5,700 ரூபாய் வரி மிச்சம். ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் செலவழித்து முதல் வருடம் மிச்சப்படுத்தியது 5,700. வருமானம் கொழிக்கிறவருக்கே நிலைமை இதுதான். ஒவ்வொரு மார்ச்சிலும் என் அலுவலகத்துக்கு யாராவது ஒருவர் புது ஐபோன் பில்லோடு வந்து, "வரிக்காக வாங்கினேன்" என்று பெருமையாகச் சொல்வார். பதில் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

ஜிஎஸ்டியும் அதே கதைதான். 94,990இல் அடங்கியிருக்கும் 18 சதவீத வரி 14,490 ரூபாய். பதிவு செய்து, வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலித்துக் கட்டுகிறவர்தான் இதை உள்ளீட்டு வரியாக ஈடு கட்டிக்கொள்ள முடியும். உங்களைப் போன்ற சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை பதிவே தேவையில்லை. 14,490க்கு ஆசைப்பட்டுப் பதிவு செய்துவிடாதீர்கள். அப்புறம் உங்கள் ஐந்தரை லட்சத்தின் மீது வருடா வருடம் 18 சதவீதம் வசூலித்துக் கட்டி, ரிட்டர்ன் போட்டு, என்னைப் போன்றவருக்கு ஃபீஸும் கொடுக்க வேண்டியிருக்கும். ஸ்டூடியோக்காரர் அந்த 18 சதவீதத்தைத் தனியாகத் தருவாரா? நீங்களே சிரிப்பீர்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐயில் காஸ்ட் எங்கே?

எக்ஸ்சேஞ்ச் போக மீதி 76,990 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,416. வட்டியே இல்லாததுபோல்தான் தெரியும். வங்கி ஒருபோதும் சும்மா தராது. கிரெடிட் கார்டு பாக்கி விஷயத்தில் பூஜ்ய வட்டி என்ற ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இப்போது நடப்பது இதுதான்: வட்டித் தொகையைக் கடையோ கம்பெனியோ விலையில் தள்ளுபடியாகக் கொடுத்துவிடும், வங்கி அதை உங்களிடம் வட்டியாக வாங்கிக்கொள்ளும்.

வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் 76,990க்குள் சுமார் 5,900 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கிறது. கார்டு வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு; அது சுமார் 1,060 ரூபாய், தள்ளுபடியில் வராது, உங்கள் தலையில்தான் விழும். பிராசஸிங் ஃபீஸ் தனி. ஆயிரத்துச் சொச்சம் பெரிய தொகையா என்றால் இல்லைதான். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "முழுப் பணமும் இப்போதே கொடுத்தால் அந்த 5,900ஐக் குறைப்பீர்களா?" சில கடைகளில் குறைப்பார்கள். அந்தப் பதில் வரும்போதுதான் நோ காஸ்டின் காஸ்ட் வெளியே தெரியும். ஒரு மாதம் கார்டு பில்லை முழுதாகக் கட்டாமல் விட்டுவிட்டால், பாக்கிக்கு மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஓட ஆரம்பிக்கும். ஆடி, மார்கழியில் உங்களுக்கு வரவு படுத்துவிடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இஎம்ஐ ஆடிக்கும் லீவு விடாது, மார்கழிக்கும் விடாது.

செயின் விஷயம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வங்கி நகைக் கடன் கார்டு பாக்கியைவிட எவ்வளவோ மேல். அடகு என்ற சொல்லுக்குக் கூச்சப்பட வேண்டாம். நகையைத் தொட மனசில்லை என்றால் முத்ரா திட்டத்தில் சிசு பிரிவு இருக்கிறது, 50,000 ரூபாய் வரை ஜாமீன் இல்லாமல் தருவார்கள். ஆனால் இப்போதைக்கு இரண்டுமே தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். காரணம் கீழே.

மெஷின் பழசாகிவிட்டதா, மெமரி போதவில்லையா?

உங்கள் கடிதத்தில் ஷீட் அளவு 12க்கு 36 என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் கால்குலேட்டரை எடுத்துவிட்டேன், தொழில் புத்தி. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 12 அங்குலம் என்றால் 3,600 புள்ளி, 36 அங்குலம் என்றால் 10,800 புள்ளி. பெருக்கினால் 3 கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஷீட் முழுக்கப் பரவிய ஒரே ஒரு லேயருக்கு ஏறக்குறைய 117 எம்பி. பின்னணி, பார்டர், பூ டிசைன், ஏழெட்டுப் படம், நிழல், எழுத்து என்று நீங்கள் அடுக்கும்போது ஒரு ஷீட்டே 1 ஜிபியைத் தாண்டும். இது 8 பிட் கணக்கு; ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பைட் எடுக்கும் 16 பிட்டில் வேலை செய்தால் அதற்கு இரு மடங்கு. பின்னால் குரோமில் பத்து டேப், ஸ்டூடியோக்காரர் படம் அனுப்பும் வாட்ஸ்அப், விண்டோஸ் தன் பங்குக்கு எடுத்துக்கொள்வது. 8 ஜிபி எங்கே போதும்? போட்டோஷாப் கம்பெனியான அடோபியே 8 ஜிபியைக் குறைந்தபட்சம் என்றும் 16 ஜிபியைப் பரிந்துரை என்றும்தான் போட்டிருக்கிறது. கொழுந்தனார் சிரித்தது தப்பு, சொன்னது சரி.

மெமரி தீர்ந்தால் கம்ப்யூட்டர் மீதியை எஸ்எஸ்டியில் கொண்டுபோய் வைக்கும். சமையல் மேடை நிறைந்துவிட்டதால் சாமானை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு கரண்டி உப்புக்கும் ஏணி போட்டு ஏறி இறங்குகிற மாதிரி. சமைக்கிறவர் கெட்டிக்காரராக இருந்து என்ன பயன்? உங்கள் பிராசசர் ஒன்றரை வருடத்தில் மந்தமாகியிருக்காது. அது ஏணியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

இது என் ஊகம்தானே, நிஜமா என்று நீங்களே பார்த்துவிடலாம். உங்களை வதைக்கும் அந்த ஆல்பத்தின் பெரிய ஷீட்டைத் திறந்து கொஞ்சம் வேலை செய்யுங்கள். போட்டோஷாப் ஜன்னலின் கீழ் இடது மூலையில் ஃபைல் அளவு காட்டும் இடத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தி 'எஃபிஷியன்ஸி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 100 சதவீதம் காட்டினால் மெமரி போதுகிறது, கோளாறு வேறிடத்தில். 100க்குக் கீழே இறங்கினால் பரண் ஏறுகிறது என்று அர்த்தம்.

அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டினால் வலது கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு', 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று இரண்டு வரி இருக்கும். '1 ஆஃப் 2' என்றும் 'எஸ்ஓடிஐஎம்எம்' (கழற்றி மாட்டும் மெமரி) என்றும் இருந்தால், ஒரு ஸ்லாட் காலியாக உங்களுக்காகக் காத்திருக்கிறது. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் மெமரியைப் போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள் என்று பொருள். அப்படியும் சில மாடலில் கூடவே ஒரு ஸ்லாட் விட்டிருப்பார்கள், திரை அதைச் சரியாகக் காட்டாமலும் போகலாம். எனவே மாடல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் தேடிப் பாருங்கள், அல்லது நம்பிக்கையான சர்வீஸ்காரரைவிட்டுப் பின்மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்லாட் இருந்தால் இன்னொரு 8 ஜிபியோ 16 ஜிபியோ போடுங்கள். மெமரி வகையைப் பார்த்துப் போடுங்கள்: டிடிஆர்4க்கு டிடிஆர்4, டிடிஆர்5க்கு டிடிஆர்5. மாற்றிப் போட்டால் பொருந்தவே பொருந்தாது. ஒரு எச்சரிக்கை: கொழுந்தனார் போன வருடம் வாங்கிய விலையை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் விலை கடுமையாக ஏறிவிட்டது. மெமரி தயாரிக்கும் மைக்ரான் கம்பெனி, சாதாரண வாடிக்கையாளருக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இரண்டு மூன்று கடையில் கேளுங்கள். ஏறிய விலையிலும் ஒரு மெமரி குச்சி 76,990 ஆகாது.

இங்கே என் கதை ஒன்று. சில வருடம் முன்பு, கணக்கு தாக்கல் நெருக்கடியில் அலுவலகத்தில் டேலி கணக்கு மென்பொருள் நத்தை வேகத்தில் ஓடியது. பையன்கள் புலம்பினார்கள். ஆத்திரத்தில் ஒரே நாளில் இரண்டு கம்ப்யூட்டரை மாற்றினேன். புதியதிலும் அதே நத்தை. கடைசியில் கோளாறு, மேசைக்கு அடியில் நாற்காலிச் சக்கரம் ஏறி ஏறி நசுங்கிய நெட்வொர்க் கேபிளில். அதன் விலை எவ்வளவு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செலவில்லாமல் இந்த வாரமே செய்யக்கூடியவை

ஆல்பத்தை 8 பிட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு அது போதும். கேமராவின் முழு அளவுப் படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (அசல் படம் முழுதாக ஃபைலுக்குள்ளேயே இருக்கும் லேயர்) அப்படியே இறக்காமல், ஷீட்டில் வரும் அளவுக்குச் சுருக்கிப் போடுங்கள். போட்டோஷாப்பின் பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்கில் ஹிஸ்டரி (பின்னோக்கிப் போகும் படிகளின் எண்ணிக்கை) 50 என்று இருக்கும், 20 ஆக்குங்கள். வேலை நேரத்தில் குரோமை மூடுங்கள். சி டிரைவ் நிறைந்து சிவப்பாக இருந்தால் முடிந்த ஆல்பங்களை வெளி டிஸ்குக்கு மாற்றுங்கள். பரணிலும் இடமில்லாவிட்டால் போட்டோஷாப் எங்கே போகும்? மூன்று வேளையும் மெத்தைமேல் வைத்து வேலை செய்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், காற்றோட்டம் அடைபட்டுச் சூடேறினால் மெஷின் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கடையில் சொன்ன மற்றவை

பின்மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருட வாரண்டி 2025 ஆடியோடு முடிந்துவிட்டது. இல்லாத வாரண்டி எங்கே போகும்? கூடுதல் வாரண்டி காசு கொடுத்து வாங்கியிருந்தால் மட்டும் அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள். அந்த நிலையில் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே மெமரி போட்டுக்கொள்வது உத்தமம்.

'மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் நின்றுவிட்டது' என்றது விண்டோஸ் 10ஐப் பற்றி. 2025 அக்டோபர் 14இல் நின்றது அதுதான். உங்களுடையது விண்டோஸ் 11. அந்தப் பேச்சு உங்களைத் தொடவே தொடாது.

'ஏஐ லேப்டாப்' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் கோபைலட் பிளஸ் என்ற வகையை அறிவித்தது. அந்த ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமென்றால் ஏஐ வேலைக்கென்றே தனிச் சிப் ஒன்றும், குறைந்தது 16 ஜிபி மெமரியும் வேண்டும். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஏஐ எது? பின்னணியில் நிற்கும் ஆளை எடுத்துவிட்டுச் சுவரை நிரப்பும் ஜெனரேட்டிவ் ஃபில். அது உங்கள் லேப்டாப்பில் நடப்பதே இல்லை. படம் இன்டர்நெட் வழியாக அடோபி சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. அதற்குத் தேவை நல்ல இன்டர்நெட்தான். லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் இருட்டு மண்டபப் படங்களின் புள்ளிகளைத் துடைக்கும் டீநாய்ஸ் உங்கள் மெஷினிலேயே ஓடுகிறது, ஆனால் அதற்குப் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்தான் உழைக்கிறது. ஆக, அந்தப் புதிய லேப்டாப்பில் உங்களுக்கு உபயோகப்படப்போவது 16 ஜிபி மெமரியும் பெரிய டிஸ்கும். ஏஐ சிப் சும்மா உட்கார்ந்திருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் விலை 18,000 என்பது எனக்கு உறுத்துகிறது. கீறலில்லாத, பேட்டரி நன்றாக இருக்கும் ஒன்றரை வருட லேப்டாப் அது. படிக்கிற பிள்ளை உள்ள வீட்டில் யாரிடமாவது கேட்டாலே அதைவிட நல்ல விலை வரும்.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது. அந்த டிஸ்கில் இருப்பது உங்கள் படங்கள் மட்டுமில்லை. நூறு வீட்டுக் கல்யாணப் பெண்களின் படங்கள், அறைக்குள் அலங்காரம் செய்யும்போது எடுத்தவைகூட. டிலீட் செய்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால் அவை முழுதாகப் போய்விட்டன என்று நம்ப முடியாது, தெரிந்தவர் மீட்டெடுக்கவும் கூடும். எப்போது கைமாற்றினாலும், ரீசெட்டில் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்து, அதற்குள் டிரைவைச் சுத்தம் செய்யும் 'கிளீன் டேட்டா' விருப்பத்தையும் இயக்கிய பிறகே கொடுங்கள். ஷோரூம் கவுண்டரில் "நாங்களே அழித்துவிடுகிறோம் மேடம்" என்றால் தலையாட்டாதீர்கள்.

எப்போது வாங்கலாம்?

நான் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. மெமரி முழுதாகப் போர்டில் பற்றவைத்தது, ஸ்லாட்டே இல்லை, எஃபிஷியன்ஸி 60, 70இல் தள்ளாடுகிறது என்றால் உங்கள் கணவரிடம் நானே சிபாரிசு செய்வேன். ஒன்றரை வருடம்தானே ஆகிறது என்பது அப்போது செல்லாது. கொடுத்த 62,000 போனது போனதுதான். அதைக் காப்பாற்றுவதாக நினைத்து மாதம் ஒரு ஸ்டூடியோவை இழப்பதில் அர்த்தமில்லை. அவரிடம் இதைச் சண்டையாகப் பேசாமல் நோட்டில் எழுதிக் காட்டுங்கள். இந்த வாரம் முழுக்க, திரை நின்றுபோன நேரத்தை மட்டும் நிமிடக் கணக்கில் குறித்துவையுங்கள். ஒரு ஆல்பத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் பத்து ஆல்பத்துக்கு இருபது மணி நேரம். அந்த நேரத்தில் இன்னும் எத்தனை ஆல்பம் முடித்திருப்பீர்கள், அதற்கு என்ன கூலி என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தொகை மாதம் 6,416ஐத் தாண்டினால் புதிய மெஷின் தன் தவணையைத் தானே கட்டிவிடும். அதற்குக் கீழே என்றால் கணவர் சொல்வது சரி.

வாங்குவதென்றாலும் முதலில், 16 ஜிபி மெஷின் வைத்திருக்கும் ஒரு ஸ்டூடியோவில் ஒரு மணி நேரம் கேளுங்கள். உங்களை நிறுத்திவைக்கும் அதே ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். அங்கேயும் தடுமாறினால் 94,990க்கும் பலன் இருக்காது, ஃபைலைக் கட்டும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். வாங்கும் மாடலில் ஏஐ ஸ்டிக்கரைத் தேடாமல், பின்னால் மெமரி கூட்ட ஸ்லாட் உண்டா என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியவில்லை என்றால் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஷோரூமில் 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்ததாகக் கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ரசீதை எடுத்து, 'திரும்பத் தரப்படாது' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேண்டாமென்று எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, இன்றே சொல்லிவிடுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது. இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அந்த 2,000 போய்விடுமே என்பதற்காக மட்டும் மீதி 74,990ஐக் கொண்டுபோய்க் கட்டாதீர்கள்.

டாஸ்க் மேனேஜரில் அந்த இரண்டு வரியும் என்ன காட்டுகிறது என்று பார்த்து எழுதுங்கள், தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. சர்வீஸ்காரர் ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. டி டிரைவில் பாதியில் நிற்பதாக நீங்கள் எழுதிய மூன்று கல்யாண ஆல்பத்தையும் வெளி டிஸ்கில் ஒரு காப்பி எடுத்து, டிஸ்கைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடுங்கள்.